மாதிரி எடுக்கும் கை

1985ஆம் ஆண்டின் கடைசியில் நிர்மலா என்ற முப்பத்திரண்டு வயது மருத்துவ மாணவி, கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமுக்குப் போய்வரத் தொடங்கினார். அபிராமபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடலாம். கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் இருக்கும் மயிலாப்பூரைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. விஜிலன்ஸ் ஹோம் இருக்கும் மயிலாப்பூரைத் தெரிந்தவர்கள் குறைவு. பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களும், போக்கிடம் இல்லாத பெண்களும் நீதிமன்ற உத்தரவின் பேரில் அடைத்து வைக்கப்பட்ட அரசு இல்லம் அது. உள்ளே இருப்பவர்கள் கைதிகள் இல்லை என்று சட்டம் சொல்லும். கதவு என்னவோ வெளியிலிருந்துதான் பூட்டப்பட்டிருந்தது.

நிர்மலா சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். எய்ட்ஸ் நோய் இங்கே இருக்கிறதா என்று பார்க்கலாமே, அதையே ஆய்வேடாகச் செய் என்று சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். பம்பாய், கல்கத்தா போலச் சென்னையில் ‘சிவப்பு விளக்குப் பகுதி’ என்று தனியாக ஒன்று கிடையாது. ஆகவே நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போய், சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். அவர்களில் பலருடைய படிவத்தில் முகவரி என்ற இடத்தில் ‘விஜிலன்ஸ் ஹோம்’ என்று எழுதியிருந்தது. அப்படித்தான் அந்த இல்லத்துக்கு வழி தெரிந்தது.

மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை, வேறு பாதுகாப்பும் இல்லை. எதற்காக எடுக்கிறோம் என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். இதைப் பிற்காலத்தில் நிர்மலாவே பேட்டியில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சீரம் பிரித்த குழாய்கள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தன. எலைசா சோதனை செய்யச் சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் இரவு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. ஆறும் விஜிலன்ஸ் ஹோம் பெண்களுடையவை. மறுபடி அதே பெண்களிடம் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலாவும் சுனிதியும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட கதை இது. இரண்டு பெண் மருத்துவர்களின் துணிச்சலாக இது சொல்லப்படுகிறது. சரியாகத்தான் சொல்லப்படுகிறது. சோதனையே தப்பு என்றார்கள், சுனிதி மராட்டியப் பெண் என்பதால் வெளியூர்க்காரி நம் பண்பாட்டைக் கெடுக்க வந்துவிட்டாள் என்றெல்லாம் பேசினார்கள். அந்தப் பேச்சையெல்லாம் தாண்டி வேலை செய்தவர் அவர். ஆனால் ஊசியின் மறுமுனையில் கையை நீட்டிய பெண்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை நாம் அதிகம் சொல்லிப் பார்த்ததில்லை.

சொல்லியிருந்தால் மட்டும் என்ன மருந்து கொடுத்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எய்ட்ஸுக்கு முதல் மருந்தான ஏ.இஸட்.டி. அமெரிக்காவிலேயே 1987இல்தான் அனுமதி பெற்றது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு மருந்து இல்லாவிட்டாலும் வேறொன்று நடந்தது. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பின்னும் வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள். வெளியே போனால் பரப்பிவிடுவார்களாம். அவர்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்ததைப் பற்றி யாருக்கும் அப்படியொரு கவலை வரவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் இதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் சொன்னது. தெரியாமல் கொடுத்த சில மில்லி ரத்தத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அத்தனை மாதச் சிறை.

இந்தப் பழக்கம் 1986இல் தொடங்கியது இல்லை. இந்த நகரத்துக்கு அது நூற்றெண்பது வருடப் பழக்கம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். சிஃபிலிஸ் என்று இன்று சொல்லும் நோய்க்குத் தமிழில் ‘பறங்கிப்புண்’ என்று ஒரு பெயர் உண்டு. பறங்கியரோடு வந்த புண். அதைத் தீர்க்கச் சித்த மருத்துவர்கள் கொடுத்த வேருக்குப் பறங்கிப்பட்டை என்று பெயர். கப்பலில் வந்த நோயைக் கப்பலில் வந்தவன் பெயராலேயே அழைத்த சொல் இது. அதே நோய்க் கூட்டத்துக்குத் தெருவில் வழங்கும் இன்னொரு பெயர் ‘பொம்பளைச் சீக்கு’. ஆண்கள் தங்களுக்கு வந்த நோயை இப்படிச் சொல்லிக்கொண்டார்கள். ‘அவனுக்குப் பொம்பளைச் சீக்கு’ என்றால் அவன் நோயாளி, அவள் நோய். பெண்ணுக்கு அதே நோய் வந்தால் அதைச் சொல்லத் தமிழில் தனிப் பெயர் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ‘வெள்ளைப்படுது’, ‘சூடு பிடிச்சிருக்கு’, ‘அடிவயிறு இழுக்குது’ என்று அறிகுறிகளைத்தான் சொல்லுவார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி, சோற்றுக்கற்றாழை சாப்பிடு என்பதோடு அந்தப் பேச்சு முடியும்.

பறங்கிப்புண்ணுக்கு அரசு கண்ட வைத்தியம் லாக் ஆஸ்பத்திரி. 1805இலிருந்து மதராஸ் மாகாணத்தின் ராணுவ முகாம்களில் இவற்றைத் திறந்தார்கள். ‘லாக்’ என்ற சொல் லண்டனிலிருந்த பழைய தொழுநோய் இல்லம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது, பூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பார்கள். உள்ளே இருந்த பெண்களுக்கு அந்தச் சொல்லாராய்ச்சியால் பெரிய ஆறுதல் கிடைத்திருக்காது. சிப்பாய்களுக்கு நோய் வந்தால் கும்பினிக்கு நஷ்டம். ஆகவே முகாமைச் சுற்றியிருந்த பெண்களைப் பிடித்துச் சோதித்து, நோய் இருந்தால் குணமாகும்வரை அடைத்துவைப்பது. 1830களில் இவற்றால் பலனில்லை என்று மூடினார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூடியதும் மறுபடி ஞாபகம் வந்தது. 1864இல் கன்டோன்மென்ட் சட்டம், 1868இல் தொற்றுநோய்ச் சட்டம். பெண்ணின் பெயரைப் பதிவு செய்து கையில் சீட்டுக் கொடுப்பார்கள். குறித்த நாளில் அவள் சோதனைக்கு வரவேண்டும். வராவிட்டால் அபராதம் அல்லது சிறை.

சோதனை என்றால் ஸ்பெகுலம். பெண்ணுறுப்பை விரித்துக் கருப்பைவாயைப் பார்க்க உதவும் உலோகக் கருவி. சில இடங்களில் டாக்டர், பல இடங்களில் மருத்துவச்சி. அந்தக் கருவியை ஒரு பெண்ணிலிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கொண்டுபோகும் முன் கொதிக்கவைக்க வேண்டும் என்ற அறிவே அப்போது பரவியிருக்கவில்லை. கிருமிக் கோட்பாடு பிறந்துகொண்டிருந்த காலம். கொனோரியாவின் கிருமியை நைஸர் கண்டதே 1879இல்தான். நோயைத் தேடப் போன கருவி நோயைக் கொண்டுபோயிருக்கவும் இடமுண்டு. இங்கிலாந்தில் இதே மாதிரிச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய ஜோசபின் பட்லரும் அவரோடு நின்றவர்களும் இந்தச் சோதனையைக் கருவியால் செய்யப்படும் வன்புணர்ச்சி என்றே சொன்னார்கள். ஆண்களுக்குச் சட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. சிப்பாயை அப்படிச் சோதிப்பது அவனுடைய மானத்துக்கு இழுக்கு என்று அதிகாரிகள் கருதினார்கள்.

அந்தப் பெண்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கவில்லை. சோதனை நாளில் ஊரைவிட்டுப் போய்விடுவது, பெயரை மாற்றுவது, பதிவுக்கே வராமல் இருப்பது எல்லாம் நடந்தன. ‘பதிவு செய்யாமல் தொழில் செய்பவர்கள்’ பற்றிய புலம்பல் அதிகாரிகளின் அறிக்கைகளில் ஓயாமல் வரும். இதைவிட விசித்திரமான ஒன்றை வரலாற்றாசிரியர் சாரா ஹாட்ஜஸ் கவனித்து எழுதியிருக்கிறார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தின் லாக் ஆஸ்பத்திரிகள் நிரம்பின. உள்ளே போனால் சோறு கிடைக்கும். மானம் போகும் இடம் என்று ஓடிய பெண்கள், பசிக்கு அதே இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சோதனையை ஏற்றுக்கொண்டார்கள் என்று இதைப் படிக்க முடியாது. வேறு வாசல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன என்றுதான் படிக்க முடிகிறது.

1886இல் இந்திய ராணுவத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. படைப்பிரிவுக் கடைவீதிகளில் போதுமான எண்ணிக்கையில், போதுமான அழகோடு பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும் சுற்றறிக்கை. அது இங்கிலாந்தில் வெளியானதும் பெரிய கலவரமாகி, 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. வேலூரில் மஞ்சள் நிறமான ஆறு குழாய்களுக்குச் சரியாக நூறு வருடம் முந்தையது அந்தச் சுற்றறிக்கை.

இருபதாம் நூற்றாண்டில் மொழி மாறியது. சிப்பாயைக் காப்பாற்றுவது போய், பெண்ணைக் காப்பாற்றுவது வந்தது. 1930இல் மதராஸ் மாகாணம் விபச்சாரத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. மீட்பு இல்லங்கள் பிறந்தன. ‘விஜிலன்ஸ்’ என்ற சொல்லே அந்தக் கால ஒழுக்கக் கண்காணிப்புச் சங்கங்களின் பெயரிலிருந்து வந்ததுதான். முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லத்தைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மீட்பது என்றால் அடைத்துவைத்து, சோதித்து, தையல் கற்றுக்கொடுப்பது என்ற வடிவம் இந்தக் காலத்தில்தான் உறைந்தது. 1956இன் மத்தியச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை 1986இல் திருத்தியபோது ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தார்கள். 15(5ஏ): விடுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவரை வயது, காயம் ஆகியவற்றுக்காகவும் பால்வினை நோய் இருக்கிறதா என்பதற்காகவும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். சம்மதம் என்ற சொல் அந்த வரியில் இல்லை. லாக் ஆஸ்பத்திரிச் சட்டம் செத்து 98 ஆண்டுகள் கழித்துச் சேர்த்த வரி. இன்னும் அமலில் இருக்கிறது. 2017இன் எச்.ஐ.வி. சட்டம், விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது என்கிறது. இரண்டும் ஒரே நாட்டின் சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

இதுவரை சொன்னது ஒரு வகைப் பெண்களின் கதை. வற்புறுத்திச் சோதிக்கப்பட்டவர்கள். அபிராமபுரம், ஆழ்வார்ப்பேட்டை, மந்தைவெளி வீடுகளில் இருந்த பெண்களுக்கு, ‘குடும்பப் பெண்’ என்று பெயர் பெற்றவர்களுக்கு, நேர் எதிரான கதி. அவர்களை யாரும் சோதிக்கவே இல்லை. அவர்களுக்கு அந்த நோய் வராது என்பதே அவர்களுக்குக் கொடுத்த மரியாதை.

அந்த மரியாதையின் அளவை முதலில் எண்ணிக் காட்டியவர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங். இரண்டு கிராமங்களில் 650 பெண்களை அவரும் அவருடைய குழுவும் பரிசோதித்தார்கள். 1989 ஜனவரியில் லான்செட் இதழில் முடிவு வந்தது. 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் வாழ்க்கையில் ஒருமுறையாவது உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் பேர். கிராமம் என்பதால் இப்படி என்று நகரத்துக்காரர்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

சென்னைக்கு வேறொரு கணக்கு வந்தது. சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த 134 எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களைப் பற்றி 2000இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 81 சதவீதம் பேர் இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் உறவு கொண்டவர்கள். கட்டுரையின் தலைப்பிலேயே திருமணம், ஒருதார வாழ்க்கை, எச்.ஐ.வி. என்ற மூன்று சொற்களையும் ஒரே வரியில் வைத்தார்கள். விஜிலன்ஸ் ஹோமில் தேடத் தொடங்கியவர் பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த இடம் கல்யாணம்.

குடும்பப் பெண்ணை அரசு சோதிப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். கர்ப்பமானால். அப்போது எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின் இவற்றோடு வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. இரண்டும் பார்ப்பார்கள். குழந்தைக்காக அது அவசியமான சோதனைதான், எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் இன்னொன்றும் நேர்ந்தது. வீட்டில் முதலில் சோதிக்கப்படுபவள் மனைவி. முதலில் தெரியவருவதும் அவளுக்குத்தான். ‘நீதான் கொண்டுவந்தே’ என்ற பழியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் கதைகளை நம்பிக்கை மைய ஆலோசகர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஒரு சொட்டு ரத்தம் கொடுக்காத கணவன் சுத்தமானவனாக நின்றான்.

மற்ற நோய்களுக்கு 1990களிலிருந்து வந்த வழி வேறு. சோதனைக்கூடம் இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்து மருந்து கொடுத்துவிடலாம் என்றது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் அது நிறம் நிறமான பொட்டலங்களாக வந்தது. வெள்ளைப்படுகிறது என்று சொன்னால் பச்சைப் பொட்டலம். கருப்பைவாயில் சீழ் இருந்தால் சாம்பல் பொட்டலம். அடிவயிற்று வலிக்கு மஞ்சள். ஆண்களிடம் இது ஓரளவு நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் ஆணுக்குச் சீழ் வடிந்தால் கண்ணால் பார்க்கலாம். பெண்ணிடம் பச்சைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மறுபடி ஸ்பெகுலம் வேண்டும். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளிப் பிரிவில், மறைக்க ஒரு திரைகூட இல்லாத அறையில், அதை யார் செய்வது? இன்னொரு சிக்கலும் உண்டு. கிளமிடியா தொற்று பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. சத்தமில்லாமல் கருக்குழாய்க்குள் ஏறி, தழும்பாக்கி, அடைத்துவிடும். ஏழு நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் போயிருக்கக்கூடிய கிருமி. ஐந்து வருடம் கழித்துக் கருத்தரிப்பு மையத்தில், லட்சங்களைக் கட்டிவிட்டு, ‘உங்களுக்கு டியூப் பிளாக்மா’ என்று அவளிடம் சொல்வார்கள். கருக்குழாய் அடைப்புக்குக் காசநோய் போல வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எந்தக் காரணமானாலும் மாமியார் வீட்டில் அதற்குப் பெயர் ஒன்றுதான், நமக்கெல்லாம் தெரிந்த பெயர்.

வெள்ளைப்படுகிறது என்று வரும் எல்லோருக்கும் கிருமி இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் 2,494 பெண்களிடம் நடத்திய ஆய்வில், அந்தப் புகாரோடு தொற்றைவிட மனச்சோர்வும் உடல் களைப்பும் நெருக்கமாகத் தொடர்பு கொண்டிருந்தன. கணவனின் அடியையும் வீட்டுப் பாரத்தையும் சொல்ல முடியாதவள் வெள்ளைப்படுகிறது என்று சொல்கிறாள். அவள் கையில் பச்சைப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினோம்.

இந்தக் கோவா ஆய்வுக்கு முன்னோட்டமாக அதே குழுவினர் 2003இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மகளிர் மருத்துவப் பிரிவுக்கு வந்த பெண்களிடமே பஞ்சுக் குச்சியைக் கொடுத்து, மாதிரியை அவர்களே எடுத்தால் நம்பலாமா என்று பார்த்தார்கள். நம்பலாம் என்று தெரிந்தது.

செய்முறை மிக எளிது. நீளமான குச்சி, நுனியில் மெல்லிய இழை. யோனிக்குள் இரண்டு அங்குல ஆழம் நுழைத்து, பக்கச் சுவரில் படும்படி பத்திலிருந்து முப்பது நொடி சுற்றி, வெளியே எடுத்துக் குழாயில் இருக்கும் திரவத்தில் போட்டு மூட வேண்டும். படுக்க வேண்டாம், காலை விரித்துத் தூக்கிவைக்க வேண்டாம், விளக்கு வேண்டாம். கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றபடியே முடித்துவிடலாம். கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வகைச் சோதனைகள் வந்த பிறகு, டாக்டர் எடுத்த குச்சிக்கும் அவளே எடுத்த குச்சிக்கும் கிளமிடியா, கொனோரியா கண்டுபிடிப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்பது திரும்பத் திரும்ப நிரூபணமானது. 2019இல் உலக சுகாதார நிறுவனமே பெண்கள் தாமே எடுக்கும் வழியையும் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கும் இதே முறை பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சிஃபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம்தான் வேண்டும். கடுமையான அடிவயிற்று வலி இருந்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

பெண் தன்னிடமிருந்து தானே மாதிரி எடுப்பது புதிய சங்கதியும் இல்லை. கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறியும் பாப் சோதனைக்குப் பெயர் கொடுத்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கோலா. அவருடைய கண்ணாடித் தகடுகளுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மாதிரி கொடுத்தவர் மனைவி ஆண்ட்ரோமக்கி. சோதனைக்கு அவர் பெயர் வைக்கவில்லை. 1962இல் ஹியூ டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பெண்கள் வீட்டிலேயே கழுவி எடுத்துத் தபாலில் அனுப்பும்படி ஒரு பிப்பெட்டை அறிமுகப்படுத்தினார். நல்ல யோசனை. இதே டேவிஸ்தான் பிற்பாடு டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனத்தை உருவாக்கி, ஆயிரக்கணக்கான பெண்களின் கருப்பையில் தொற்றை உண்டாக்கியவர். அது அமெரிக்காவில் விற்பனையிலிருந்து நீக்கப்படும் முன்பே ஏழை நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்ணின் கையில் கருவியைக் கொடுப்பவர் எல்லாம் பெண்ணை நம்பித்தான் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் கரோல் டவுனரும் தோழிகளும் பிளாஸ்டிக் ஸ்பெகுலத்தையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு தங்கள் கருப்பைவாயைத் தாங்களே பார்த்தபோது, அடுத்த ஆண்டு போலீஸ் வந்தது. மருத்துவர் உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாகக் குற்றச்சாட்டு. நூறு வருடத்துக்கு முன் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் வைத்த அதே கருவியை, தானே எடுத்தால் போலீஸ் பிடித்தது.

நம் ஊரில் பெண்களுக்கு இது சரிவராது, தப்பாக எடுத்துவிடுவார்கள், கூச்சப்படுவார்கள் என்று சொல்லும் மருத்துவர்களைக் கேட்டிருக்கிறேன். 2021 மே மாதத்தில், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுக் கொரோனா பார்த்துக்கொள்ளும் பெட்டிக்கு ஐ.சி.எம்.ஆர். அனுமதி கொடுத்தது. விலை 250 ரூபாய். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைத்தது. அந்த மாதம் யாருக்கும் தப்பாக எடுத்துவிடுவார்களே என்ற கவலை இல்லை. ஆண்களும் எடுத்தார்கள் அல்லவா. கர்ப்பம் பார்க்கும் பட்டையோ அதற்குப் பல வருடம் முன்பிருந்தே மருந்துக்கடையில் இருக்கிறது. சி.பி. ராமசாமி சாலையில் வேலைக்குப் போகும் பெண்ணும், அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணும் அதே பட்டையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். கடைக்காரர் அதைக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கிறார். கோடு ஒன்றா இரண்டா என்று படிக்க இருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எந்திரமும் ஊரில் இருக்கிறது. காசநோய்க்காக அரசு வாங்கி வைத்திருக்கும் ஜீன் எக்ஸ்பர்ட், நம் சுகாதார ஊழியர்கள் வாயில் ‘சிபிநாட்’, கெட்டிலை மாற்றிப் போட்டால் கிளமிடியாவும் கொனோரியாவும் பார்க்கும், எச்.பி.வி.யும் பார்க்கும். சளிக்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று தனி எந்திரம் தேவையில்லை. கெட்டில் வாங்கும் காசும், வாங்கலாம் என்ற முடிவும்தான் தேவை.

சோதனை முடிவு வந்தபின் நடப்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் கணவனும் மாத்திரை சாப்பிட வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிடும். அரசு மையங்களில் இணையருக்கான மாத்திரையையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது வழிகாட்டு நெறி. நல்ல ஏற்பாடு. அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்து, ‘இதை நீங்களும் சாப்பிடணும்’ என்று சொல்லவேண்டியவள் அவள்தான். கர்ப்பகால ரத்தத்தில் தெரிந்தவளுக்கு நேர்ந்தது இவளுக்கும் நேரலாம். விஜிலன்ஸ் ஹோமில் முடிவு அவளுக்குச் சொல்லப்படாமல் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. வீட்டில் எடுக்கும் குச்சியின் முடிவு அவளுக்கு மட்டும் வரவேண்டும். யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசிக்க அவளுக்கு ஒரு வாரமாவது கிடைக்கும். தேவைப்பட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து போனில் சொல்லவும் முடியும்.

எங்கள் பகுதியில் காலை ஆறரைக்கே பரிசோதனைக்கூடங்களின் பையன்கள் பைக்கில் வந்துவிடுவார்கள். முதுகில் பெட்டி. சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு. அபிராமபுரத்தில் முதியவர்கள் அதிகம், பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தபடியே பதிவு செய்துவிடுகிறார்கள். கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அப்படி ஒரு கூடத்துக்குப் போன் செய்தேன்.

“கிளமிடியா, கொனோரியா பி.சி.ஆர். பண்ணுவீங்களா?”

“பண்ணுவோம் மேடம். பேஷன்ட் யாரு?”

“நான்தான். ஸ்வாப் நானே வீட்டுல எடுத்துக் குடுத்துடலாமா?”

கொஞ்சம் சத்தமே இல்லை. பிறகு, “மேரீடா மேடம்?”

“அதுக்கும் டெஸ்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஃபார்ம்ல காலம் இருக்கு மேடம், ஃபில் பண்ணணும்.” குரல் சின்னப் பெண்ணுடையது. அவளுக்கே கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. “ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துடும். சார் நம்பர் சொல்றீங்களா?”

“என் நம்பருக்கு அனுப்புங்க.”

சொன்னேன். இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். ஸ்வாப் மட்டும் வீட்டில் எடுக்க முடியாதாம், நர்ஸ்தான் எடுக்கணுமாம், டாக்டர் சீட்டோடு காலை ஏழரைக்கு சென்டருக்கு வந்துவிடச் சொன்னாள்.